இரண்டு கிண்ணம் தண்ணீர், நடுவில் கோத்த கைகள்: பொது இடத்தில் ஒரு தண்ணீர்க் கலையை நீங்களே அமைக்கலாம்

தண்ணீரை வைத்துப் பொது இடத்தில் ஏதாவது செய்யலாம் என்று யாராவது கிளம்பினால் முதல் பேச்சே நீரூற்றைப் பற்றித்தான் வருகிறது. எத்தனை அடி உயரம் பீய்ச்ச வேண்டும், விளக்கு என்ன நிறம், பம்பு எவ்வளவு பெரியது. அதெல்லாம் அழகுதான், ஆனால் அந்த நீரூற்றுக்கு முன்னால் நிற்கிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்காமலேயே படம் எடுத்துக்கொண்டு போய்விட முடியும். நாங்கள் செய்துபார்த்து, நான் இங்கே சொல்லப்போகும் வேலையில் அது முடியாது. ஒரே ஆள் வந்து தொட்டால் எதுவும் நடக்காது, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்தால்தான் நடக்கும். தண்ணீர்க் கலை மனிதர்களைச் சேர்க்க வேண்டும் என்றால், ஒருவரால் மட்டும் இயக்க முடியாதபடி அதைச் செய்வதுதான் முதல் விதி என்று எனக்குத் தோன்றுகிறது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அமைப்பு இதுதான். இரண்டு தாங்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எவர்சில்வர் கிண்ணம், கிண்ணத்தில் தண்ணீர். இடையில் இரண்டரை மீட்டர். ஒருவர் ஒரு கிண்ணத்தில் கையை வைக்கிறார், இன்னொருவர் மற்றக் கிண்ணத்தில் வைக்கிறார், மிச்சமிருக்கும் கைகளை இருவரும் கோத்துக்கொள்கிறார்கள். உடனே கிண்ணத்துக்குள்ளிருந்து ஒரு குரல் பேச ஆரம்பிக்கிறது, அந்தப் பகுதியில் வசிக்கிற யாரோ ஒருவர் தண்ணீரைப் பற்றித் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். கையை விட்டால் குரல் நின்றுவிடும்.

இடைவெளியை முதலிலேயே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. விரித்த இரண்டு கைகளின் நீளம் ஏறக்குறைய அந்த ஆளின் உயரத்துக்குச் சமம். இரண்டரை மீட்டர் என்றால் ஏறக்குறைய யாராலும் தனியாக எட்ட முடியாது, பெரியவர்கள் இருவர் சேர்ந்தால் வசதியாக எட்டும், சின்னக் குழந்தைகள் என்றால் மூன்றாவது ஆளைத் தேட வேண்டியிருக்கும். நான்கு மீட்டர் வைத்தால் பெரியவர்களுக்கே மூன்று பேர் வேண்டும். ஆக, எத்தனை முன்பின் தெரியாதவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்பதை நீங்கள் அளவு நாடாவை வைத்தே தீர்மானித்துவிடலாம்.

முதலில் குரல்கள்

ஒயரையும் கருவியையும் தொடுவதற்கு முன்னால் குரல்களைச் சேகரியுங்கள். இதற்கு எடுக்கும் நேரம்தான் அதிகம், எடுக்கட்டும். சிகாகோவில் மில்லேனியம் பூங்காவில் 2004-ல் திறக்கப்பட்ட கிரௌன் ஃபவுண்டனைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், கலைஞர் ஜௌமே பிளென்சா செய்தது, 50 அடி உயரத்தில் இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள், அதில் பெரிய பெரிய முகங்கள் தோன்றும், முகம் உதட்டைக் குவிக்கும், வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். அந்த முகங்கள் நடிகர்களுடையவை அல்ல. சுமார் 1,000 சிகாகோவாசிகளைப் படம்பிடித்துச் சேர்த்தார்கள். ‘அது எங்கள் சித்தப்பா’ என்று சுட்டிக்காட்ட ஆட்கள் இருக்கிற ஊரில் அந்த நீரூற்று வேறு மாதிரி ஆகிவிடுகிறது. உங்களிடம் 1,000 பேர் வேண்டாம், 30 குரல் இருந்தால் போதும், ஆனால் அந்த 30 பேரும் கிண்ணம் வைக்கப்போகும் இடத்துக்கு நடந்து வரக்கூடியவர்களாக இருக்க வேண்டும்.

கேள்வியில் கவனம் வேண்டும். “தண்ணீரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டுரை ஒப்பிப்பார்கள், தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்று முடிப்பார்கள், அதைக் கையைக் கோத்துக்கொண்டு நின்று யார் கேட்பார்கள்? இடத்தையும் நாளையும் கேளுங்கள். மழை பெய்தால் உங்கள் தெருவில் முதலில் எங்கே தேங்கும்? நீச்சல் எங்கே கற்றீர்கள், யார் தள்ளிவிட்டார்கள்? தண்ணீர் வராத நாளில் யார் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்? இந்த மூன்றாவது கேள்வியை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். எங்கள் பதிவுகளில் ஒரு பெண் அதற்கு, தட்டிய வீட்டுக்காரரின் பெயர் இன்றுவரை தனக்குத் தெரியாது, ஆனால் அவர் கொடுத்த குடத்தில் ஒரு சொட்டை இருந்தது மட்டும் நினைவிருக்கிறது என்றார். 20 நொடிகூட இல்லை, அவ்வளவுதான் பதிவு. அதைக் கேட்டுவிட்டுக் கைகோத்திருந்த இருவர் கையை எடுக்காமல் நின்றதை நான் பார்த்தேன்.

ஒவ்வொரு பதிவையும் 30 நொடிக்குள் வெட்டுங்கள். தெரியாதவர் கையை அரை நிமிடத்துக்கு மேல் பிடித்திருப்பது பலருக்குச் சங்கடம். பதிவுக்கு நல்ல கைபேசியே போதும், துணிமணி நிறைந்த சிறிய அறையில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் எதிரொலி இல்லாமல் சுத்தமாக வரும். பேசியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், எப்போது வேண்டுமானாலும் தன் குரலை எடுத்துவிடச் சொல்லலாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். யாராவது அப்படிக் கேட்டால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஏன் என்று விசாரிக்க வேண்டாம்.

கிண்ணமும் கருவியும்

சாமான்கள் கொஞ்சம்தான்: இரண்டு எவர்சில்வர் கிண்ணம், ஓர் ஆர்டுயினோ போர்டு (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), மெமரி கார்டிலிருந்து ஒலியைப் படிக்கும் சின்ன எம்பி3 மாட்யூல், மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், ஒயர், ஒலிக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், பவர் பேங்க். மின்சாரம் பேட்டரியிலிருந்து மட்டுமே வர வேண்டும். சுவர் பிளக்கில் செருகிய எந்தக் கருவியையும் மனிதர்கள் கையை நனைக்கும் தண்ணீரோடு சேர்க்காதீர்கள், அடாப்டர் வழியாகத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டும் சேர்க்காதீர்கள். இதில் மட்டும் எந்த விட்டுக்கொடுத்தலும் இல்லை.

கிண்ணமே மின்முனை. ஒரு கிண்ணத்தின் விளிம்பில் துளையிட்டு போல்ட் வைத்து ஒயரை முறுக்கி போர்டின் கிரவுண்டில் (GND என்று குறித்த முனையில்) கொடுங்கள், மற்றக் கிண்ணத்தின் ஒயரை, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் அனலாக் முனை ஒன்றில் கொடுங்கள். அதே அனலாக் முனைக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே அந்த ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர், முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கெப்பாசிட்டர். அவ்வளவுதான் சர்க்யூட். யாரும் தொடாதபோது போர்டு தன் உச்ச எண்ணான 1023-ஐ ஒட்டிய எண்ணைக் காட்டும், இரண்டு கிண்ணத்துக்கும் நடுவே மனிதச் சங்கிலி சேர்ந்ததும் எண் சட்டென்று இறங்கும், 500 என்ற எல்லை எண்ணுக்குக் கீழே போனால் ஒலியைத் தொடங்கு, மேலே வந்தால் நிறுத்து என்று நிரல் எழுதினால் முடிந்தது. உடம்பு வழியாகத் தொடர்ந்து போகும் மின்னோட்டம் அதிகபட்சம் 5 மைக்ரோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு, யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அப்படியிருந்தும், உடம்பில் மின்னோட்டம் பாய்கிறது என்பதையும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தொட வேண்டாம் என்பதையும் பலகையில் தெளிவாக எழுதிவிடுங்கள். மின் வேலை தெரிந்த ஒருவரிடம் மொத்த இணைப்பையும் ஒருமுறை காட்டிவிடுவதும் நல்லது.

கெப்பாசிட்டர் எதற்கு என்றால், மனித உடம்பு ஓர் ஆன்டெனா மாதிரி சுற்றியிருக்கிற மின்கம்பிகளின் இரைச்சலை வாங்கிக்கொள்ளும், எண் நிலையாக நிற்காமல் ஆடும், கெப்பாசிட்டர் அந்த ஆட்டத்தை அடக்கிவிடும். கிண்ணத்துக்குச் செம்பு வேண்டாம், சீக்கிரம் பச்சைப் பிடிக்கும். பவர் பேங்க் வாங்கும்போது கவனியுங்கள், சில வகைகள் குறைந்த மின்சாரம் மட்டும் இழுத்தால் யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். ஆள் வராத மதியத்தில் அணைந்து, மாலை கூட்டம் வரும்போது கிண்ணம் ஊமையாக நிற்கும்.

ஒலிக்குச் சாதாரண ஸ்பீக்கர் வைக்கலாம், ஆனால் மேற்பரப்பில் ஒட்டிவிடும் அதிர்வு ஸ்பீக்கர் என்று ஒன்று இருக்கிறது, கூம்பு இருக்காது, எதில் ஒட்டுகிறோமோ அதையே அதிரவைத்துப் பேசவைக்கும். அதைக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிப் பாருங்கள், இடையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு வையுங்கள், ஸ்பீக்கரின் உலோகம் கிண்ணத்தைத் தொடக் கூடாது. தண்ணீர் மூன்று விரல் ஆழம் இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் பாரத்தில் ஒலி அமுங்கிவிடும். கனத்த குரல் ஒன்று பேசும்போது தண்ணீரின் மேற்பரப்பு நடுங்குகிறது, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நுணுக்கமான வளையங்கள் ஓடுகின்றன, பேச்சு நிற்கும் இடத்தில் அவையும் நிற்கின்றன, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தொடங்கும்போது மறுபடி ஓடுகின்றன. தண்ணீருக்குள் இருக்கும் விரல்நுனிக்கு அந்த அதிர்வு தெரியும். காது கேளாதவர்கள் வந்து விரலால் கேட்டுவிட்டு, பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் நோட்டில் அந்தப் பேச்சை வாசிப்பார்கள். அதனால் எல்லாப் பதிவையும் எழுத்திலும் வையுங்கள், மறக்காதீர்கள்.

ஈரம் செய்யும் குழப்பம்

இதைத்தான் நான் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் முதல் சோதனை நாளில் யாரும் தொடாமலேயே கிண்ணம் பேசிக்கொண்டிருந்தது. காலையெல்லாம் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம், நிரலைத் திருத்தினோம், எதுவும் சரியாகவில்லை. காரணம் தரையில் இருந்தது. கை நனைத்தவர்கள் உதறிய தண்ணீர் தாங்கியின் வழியாக வழிந்து தரைக்கு வந்து, இரண்டு தாங்கிகளுக்கும் நடுவே ஓர் ஈரப் பாதை உண்டாகியிருந்தது. மனிதர்கள் செய்ய வேண்டிய வேலையைத் தரையே செய்துவிட்டது.

சரி, அதை எப்படித் தடுப்பது? கிண்ணத்தை மரத்தின் மேல் நேரடியாக வைக்காதீர்கள், நனைந்த மரம் மின்சாரத்தைக் கடத்தும். அடியில் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை வைத்து, அதன் ஓரம் கீழ்நோக்கிக் குடை மாதிரி மடிந்திருக்கும்படி செய்யுங்கள், வழியும் தண்ணீர் ஓரத்தில் சொட்டிவிடும், குடையின் உள்பக்கம் காய்ந்தே இருக்கும். அந்தக் காய்ந்த வளையம் விரற்கடை அகலம் இருந்தால் போதும், பாதை அறுந்துவிடும். அடுத்தது கால்கள். வெறுங்காலோடு ஈரத் தரையில் இருவர் நின்றால் கைகோக்காமலேயே கால் வழியாகச் சுற்று முடிந்துவிடும். ஒவ்வொரு கிண்ணத்துக்கு முன்னாலும் தண்ணீர் வடியும்படி இடைவெளி விட்ட ரப்பர் பாய் போடுங்கள். வழுக்காமலும் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான தொல்லை, தொட்டும் பேசாமல் இருப்பது. காய்ந்த உள்ளங்கைக்கு மின்தடை அதிகம். கிண்ணத்தில் இருக்கும் கை நனைந்திருக்கிறது, கோத்த கைகள் காய்ந்திருக்கின்றன, அங்கேதான் தடைபடுகிறது. அதனால் முதலில் இரண்டு கையையும் நனைக்கச் சொல்ல வேண்டும். பிடித்திருக்கும் மழைத்தண்ணீரை ஊற்றினாலும் சில சமயம் சரியாக வேலை செய்யாது, அதில் உப்புகள் மிகக் குறைவு, சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை லேசில் கடத்தாது. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் சரியாகிவிடும். எல்லை எண்ணை வீட்டு மேசையில் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள், வைக்கும் இடத்திலேயே, ஒருமுறை தரை காய்ந்திருக்கும்போதும் ஒருமுறை வேண்டுமென்றே தண்ணீர் கொட்டியும் பார்த்து வையுங்கள்.

தெரியாதவர் கையைத் தொட விரும்பாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குக் காரணம் இருக்கும், கட்டாயப்படுத்தும் மாதிரி எதுவும் அமையக் கூடாது. ஒரு பருத்தித் துண்டை நனைத்துத் தாங்கியில் மாட்டிவையுங்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தால் ஈரத் துணி வழியாகவே சுற்று முடிந்துவிடும். பலர் துண்டில் தொடங்கி, இரண்டாவது கதைக்குத் துண்டை வைத்துவிட்டுக் கையைக் கொடுக்கிறார்கள்.

இடமும் பாதுகாப்பும்

கிண்ணத்தின் உயரம் 75 செ.மீ. அளவில் இருக்கட்டும், அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டால் சக்கர நாற்காலியில் வருபவர் நேராக வந்து கையை வைக்கலாம். தாங்கியின் அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும், குழந்தைகள் தொங்குவார்கள். தரையில் தேங்கிய தண்ணீரோ தொட்டியோ வேண்டாம், சில சென்டிமீட்டர் ஆழமே கைக்குழந்தைக்கு ஆபத்து. பிரான்சில் போர்டோ நகரத்தில் நீர்க் கண்ணாடி என்ற ஆழமில்லாத தண்ணீர்ப் பரப்பு 3,450 சதுர மீட்டர், உலகமே வந்து அதில் கால் நனைக்கிறது, தண்ணீர் நிற்பது வெறும் 2 செ.மீ. அதற்கென்று பராமரிப்பு ஆட்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு இருக்க மாட்டார்கள்.

கை வைக்கும் தண்ணீர் குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும். காலையில் ஊற்றி, மதியம் மாற்றி, இரவு கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள், கொசுவும் வராது. தண்ணீரைச் சுற்றவிட்டுத் திரும்பத் திரும்பப் பீய்ச்சும் யோசனை வந்தால் அதை நீச்சல் குளத்துக்குச் சமமாக நினைத்துச் சுத்திகரிக்க வேண்டும், குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகள் அப்படிப்பட்ட நீர் விளையாட்டு இடங்களில் பரவக்கூடும், வெதுவெதுப்பான தண்ணீரைப் புகை மாதிரித் தூவினால் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமியின் பயம் வேறு. சின்னக் குழுவுக்கு அது தாங்காது. சுற்றியிருக்கும் மரம் செடிகளையும் யோசியுங்கள். 2008-ல் நியூயார்க் ஆற்றோரம் கலைஞர் ஓலாஃபூர் எலியாசன் நான்கு பெரிய செயற்கை அருவிகளைக் கட்டியபோது உப்புச் சாரல் அடித்துப் பக்கத்து மரங்களின் இலைகள் கருகின, அருவி ஓடும் நேரத்தையே ஏறக்குறைய பாதியாகக் குறைக்க வேண்டி வந்தது. உங்கள் கிண்ணத்தில் உப்பு போட்டிருந்தால் அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

இடத்துக்குச் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி, மழை வந்தால் யார் மூடுவது, சாவி யாரிடம், இதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

மின்சாரமே வேண்டாம் என்றால்

அப்படியும் செய்யலாம், சில சமயம் அதுதான் நல்லது. 2007-ல் கலைஞர் ஈவ் மோஷர் நியூயார்க்கில் செய்தது இதில் எனக்கு மிகவும் பிடித்தது. விளையாட்டு மைதானத்தில் வெள்ளைக் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு, கடல் மட்டத்திலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்து, வீதி வீதியாக ஏறக்குறைய 70 மைலுக்குச் சுண்ணக்கோடு போட்டார். வெள்ளம் வந்தால் இதுவரை வரலாம் என்பதுதான் கோட்டுக்கு அர்த்தம். எந்தக் கருவியும் இல்லை, ஆனால் கோடு போடுபவரைப் பார்த்து நின்று ‘என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்ட ஒவ்வொருவரோடும் நடந்த பேச்சுதான் வேலையின் பெரும்பகுதி. 2012-ல் சாண்டி புயல் வந்தபோது தண்ணீர் பல இடங்களில் அந்தக் கோடு வரை வந்தது. இதை நீங்களும் செய்யலாம், மழைத்தண்ணீர் தேங்கும் எல்லையைப் பழைய ஆட்களிடம் கேட்டுக் கேட்டுச் சுண்ணாம்பால் வரையுங்கள், அடுத்த மழை உங்கள் கோட்டைச் சரிபார்க்கும், அப்புறம் திருத்தி வரையுங்கள்.

குரோஷியாவின் சதார் நகரில் நிகோலா பாஷிச் 2005-ல் கட்டிய ‘கடல் ஆர்கன்’ என்ற குழாய் இசைக்கருவியில் கரையின் படிக்கட்டுக்கு அடியில் 35 குழாய்கள், அலை காற்றைத் தள்ளத் தள்ள அது பாடுகிறது, மக்கள் படியில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அலை இருக்கும் இடத்துக்குத்தான் சரிப்படும். கலைஞர் பாஸியா ஐர்லண்ட் செய்தது எங்கும் முடியும்: 1995 முதல் 2000 வரை வட அமெரிக்காவின் ரியோ கிராண்டே ஆற்றின் தண்ணீரை ஒரு குடுவையில் எடுத்து, ஆறு பிறக்கும் மலையிலிருந்து கடல் வரை, கரையோர மக்கள் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கொடுத்தே கொண்டுசேர்த்தார்கள், கூடவே ஒரு நோட்டும் போயிற்று.

அந்த யோசனையைத்தான் எங்கள் திறப்பு நாளுக்கு எடுத்துக்கொண்டோம். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரைத் தங்கள் இடத்திலிருந்து கொண்டுவரச் சொன்னோம், கிணறு, குழாய், குளம், எதுவாக இருந்தாலும் சரி. அதைக் கிண்ணத்தில் ஊற்றவில்லை, கை வைக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டுமே. மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கையெழுத்திலேயே ஒட்டி, தாங்கிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தோம். ஒன்று கலங்கல், ஒன்றில் லேசான மஞ்சள், ஒன்றில் அடியில் மணல். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ‘இது எங்கே?’ என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் யாரும் போகவில்லை.

பலகையில் எழுதுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். “இரண்டு கையையும் நனையுங்கள். ஒரு கையைக் கிண்ணத்தில் வையுங்கள். மறு கையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.” மின்னோட்டம், பேஸ்மேக்கர் பற்றிய எச்சரிக்கையைத் தவிர வேறெதுவும் வேண்டாம். என்ன கேட்கும் என்று சொல்லிவிடாதீர்கள். முதல் இரண்டு நாள் தள்ளி நின்று பாருங்கள், உதவிக்கு ஓடாதீர்கள். தனியாக வந்த ஒருவர் ஒரு கிண்ணத்தில் கையை வைத்து, மற்றதை எட்டிப் பார்த்து, முடியாமல், அப்புறம் சுற்றும்முற்றும் தலையைத் திருப்புவார். அந்தத் தலை திரும்புதலுக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

வாரத்துக்கு ஒருமுறை கிண்ணங்களை இன்னும் தள்ளி வையுங்கள். ஒயரை முதலிலேயே நீளமாக விட்டுவைத்தால் இது சுலபம், ஆட்கள் கூடக் கூட மின்தடையும் கூடும், அதற்கேற்ப எல்லை எண்ணைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். கடைசி நாள் நாங்கள் 9 மீட்டரில் வைத்தோம், ஆறு பேர் வேண்டும். மாலையில் ஐந்து பேர் சேர்ந்து நின்றார்கள், ஒரு கை எட்டவில்லை, வரிசையின் கடைசியில் நின்ற பையன் நனைந்த கையைக் காற்றில் நீட்டிக்கொண்டு, சாலையில் போய்க்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, “அண்ணா, ஒரு நிமிஷம் வாங்க” என்று கூப்பிட்டான்.